கேம்ஸ்காமுக்கு வெறும் ரசிகராகப் போவதில் பலன் உண்டா?

கேள்வி இது: ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை படிக்க வந்திருக்கும் ஒருவர், சிறு வயதிலிருந்தே வீடியோ கேம் பிரியர். கேம் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லை. பக்கத்தில் கோல்ன் நகரில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கும் கேம்ஸ்காம் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கிப் போகலாமா, அல்லது அறையிலேயே உட்கார்ந்து யூடியூபில் பார்த்துவிடலாமா, போவதென்றால் எப்படித் திட்டமிடுவது என்று கேட்கிறார்.

போங்கள். ஒரு முறையாவது கட்டாயம் போங்கள். ஆனால் எதற்குப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் அந்த நாள் இனிக்கும். வரப்போகும் பெரிய கேம்களை ஊருக்கு முன்னால் ஆடிப் பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள் கால்வலியோடு திரும்புகிறார்கள். கேம் உருவாக்குகிறவர்களின் பக்கத்தில் நின்று, அவர்கள் கண்ணெதிரே அவர்களுடைய கேமை ஆடலாம் என்று போகிறவர்கள் மறு வருடமும் போகிறார்கள். நான் இதுவரை ஆறு முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை முதல் வகை ஆள், அப்புறம்தான் மாறினேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025ல் ஐந்து நாட்களில் 3,57,000 பேர் வந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 71,000. எல்லோரும் எதிர்பார்க்கும் ஒரு பெரிய கேமின் ஸ்டாலில் 60 கருவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 20 நிமிடம் ஆட்டம். எழுந்து, துடைத்து, அடுத்தவரை உட்காரவைக்க 5 நிமிடம். மணிக்கு 144 பேர். பத்து மணி நேரம் ஓயாமல் நடந்தாலும் 1,440 பேர்தான். அதாவது அன்று வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கத்தான் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று வரிசையில் நிற்கிறார்கள். 2023ல் 'பிளாக் மித்: வூகாங்' கேமை ஆட வைத்திருந்தபோதும், 2024ல் 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' வந்தபோதும் அந்த வரிசைகள் ஸ்டாலைச் சுற்றி வளைந்து வளைந்து போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரிசையின் நடுவே ஆங்காங்கே 'இங்கிருந்து இரண்டு மணி நேரம்' என்பதுபோல் பலகை வைத்திருப்பார்கள். நிரம்பிவிட்டால் வரிசையையே மூடிவிடுவார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2025ல் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' அங்கே ஆடக் கிடைத்தது. 2019ல் அறிவிக்கப்பட்டு, ஆறு வருடத்துக்கு மேல் ரசிகர்கள் காத்துக் கிடந்த கேம் அது. கண்காட்சியின் வியாழக்கிழமை, அதாவது ஆகஸ்ட் 21 அன்றே, செப்டம்பர் 4ல் வெளியாகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. சரியாக இரண்டு வாரம். அதற்கப்புறம் அந்த வரிசையில் நின்றவர்களின் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்பிலும் ஒரு கொண்டாட்டம் உண்டு, முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் நண்பர்களாகிவிடுவார்கள். ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், சில வாரத்தில் சொந்த அறையில் முழுதாக ஆடக்கூடிய ஒன்றுக்காக அதில் பாதியைக் கொடுக்காதீர்கள்.

என் வழக்கம் இது. பெரிய வரிசை ஒன்றே ஒன்று. எது என்று முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுவேன். காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். 12 மணிக்குள் அது முடியாது என்று தெரிந்தால் விலகிவிடுவேன். மீதி நாள் முழுவதும் 10.2 எண்ணுள்ள கூடத்துக்கு.

அந்தக் கூடத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 6 முதல் 9 வரையுள்ள கூடங்களில் பெரிய நிறுவனங்கள் கோட்டை, டிராகன், விண்கலம் என்று கட்டி வைத்திருக்கும். ஒலிபெருக்கிகளின் அதிர்வு நெஞ்சுக்குள் கேட்கும். அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு 10.2க்கு வந்தால் சத்தம் குறைந்து, மனிதக் குரல்கள் காதில் விழ ஆரம்பிக்கும். 'இண்டி அரீனா பூத்' என்று 2013லிருந்து நடக்கும் கூட்டு அரங்கு அங்கேதான் இருக்கிறது. தனியாளாகவும், இரண்டு மூன்று பேராகவும் கேம் செய்கிறவர்கள், தனித்தனியாக ஸ்டால் எடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால், ஒரே கூரையின் கீழ் சேர்ந்து நிற்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, ஒன்றிரண்டு திரைகள், பக்கத்தில் அதைச் செய்தவரே நிற்பார். வரிசை என்று பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

முதல் தடவை அங்கே உட்காரும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கேமைச் செய்தவர் பக்கத்தில் நின்று உங்கள் திரையைப் பார்க்க மாட்டார். உங்கள் கையைப் பார்ப்பார். எந்தப் பொத்தானை முதலில் அழுத்துகிறீர்கள், எங்கே தயங்குகிறீர்கள், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு வருடம் ஒரு அறையில் உட்கார்ந்து செய்ததை, தன்னை அறியாத ஒருவர் ஆடுவதை அவர் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில நாட்களில் அது ஒன்று. ஆகவே மரியாதைக்காக 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். எங்கே சிக்கினீர்கள், எது புரியவில்லை, எதில் மனம் ஒன்றியது என்று சொல்லுங்கள். அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு தடவை, இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரு புதிர் கேமில், இருட்டான ஒரு அறையில் கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் ஏழெட்டு நிமிடம் சுற்றினேன். செய்தவர் வாயைத் திறக்கவே இல்லை. கையில் இருந்த நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில், 'நீங்கள் இன்றைக்கு அந்த அறையில் மாட்டிய ஒன்பதாவது ஆள். தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது' என்றார். அடுத்த வருடம் கேம் வெளியானதும் வாங்கினேன். அதே அறை. கதவுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் சேர்ந்து ஏற்றிய விளக்கு அது. நான் ஆடி முடித்த எந்தப் பெரிய கேமும் எனக்கு அப்படிச் சொந்தமாகத் தோன்றியதில்லை.

பிடித்த கேம் என்றால் அங்கேயே போனை எடுத்து, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் உங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நமக்கு அது ஒரு தட்டு. அவர்களுக்கு அப்படியல்ல. கேம் வெளியாகும் நாளில் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத ஒரு குழுவுக்கு முதல் நாள் விற்பனை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் முதலீடு கேட்கவும் செய்கிறார்கள்.

அதே கூடத்தில் பழைய கருவிகளுக்கான பகுதியும் இருக்கும். சங்கங்களும் தன்னார்வலர்களும் சொந்தச் சேகரிப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். 1982ல் வந்த கமடோர் 64, 1987ல் வந்த அமிகா 500, பழைய ஆர்கேட் இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டு ஆடலாம். ஜெர்மனியில் ஒரு தலைமுறையே கமடோரில்தான் கேம் ஆடவும் புரோகிராம் எழுதவும் கற்றது. அதனால் அந்த மேசைகளில் நரைத்த தலைகள் அதிகம். யாராவது ஒருவர் தன் மகளுக்குப் பழைய ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். நம்மில் பலருக்கு இந்தக் கருவிகள் கைக்கு எட்டியதே இல்லை. குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்தக் கண்காட்சி ஏன் ரசிகனுக்கு ஏற்றதாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஈ3 என்ற கேம் கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. கடைக்காரர்கள் வந்து பார்த்து, எந்த கேமை எத்தனை பெட்டி வாங்குவது என்று முடிவு செய்வதற்கான வியாபாரச் சந்தை அது. முதல் வருடமே, சேகா தன் சாட்டர்ன் கருவியின் விலை 399 டாலர் என்று அறிவித்த அதே நாளில், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி '299' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அது. அப்படிப்பட்ட அறிவிப்புகளுக்குத்தான் ஈ3 பேர்போனது. பொதுமக்களுக்கு 2017ல்தான் 15,000 டிக்கெட் விற்றார்கள். ஆனால் அதற்குள் கேம்கள் இணையத்தில் நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டன. நிண்டெண்டோ 2011லிருந்தே தன் அறிவிப்புகளைத் தானே காணொளியாக வெளியிட ஆரம்பித்திருந்தது. பெட்டி வாங்கும் கடைக்காரரும், செய்தி சொல்ல மேடையும் தேவையில்லை என்றானபின் அந்தச் சந்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2019க்குப் பிறகு நேரில் நடக்கவே இல்லை. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

கேம்ஸ்காமின் வேர் வேறு. 2002ல் லைப்சிக் நகரில் 'கேம்ஸ் கன்வென்ஷன்' என்று தொடங்கியபோதே பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். முதல் வருடம் 80,000 பேர், 2008ல் 2,03,000 பேர். 2009ல் கேம்ஸ்காம் என்ற பெயரில் கோல்னுக்கு வந்தது. 2019ல் 3,73,000 பேர் வந்தார்கள். இரண்டு வருடம் கொரோனாவால் இணையத்தில் மட்டும் நடத்திவிட்டு, 2022ல் திரும்பத் திறந்தபோது 2,65,000 பேர். அங்கிருந்து மறுபடி ஏறி வருகிறது. வியாபாரம் 2, 3, 4 எண்ணுள்ள கூடங்களில் தனியாக நடக்கும். அங்கே நமக்கு அனுமதி இல்லை, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். ஜப்பானின் டோக்கியோ கேம் ஷோ வழக்கமாக நான்கு நாளில் முதல் இரண்டை வியாபாரத்துக்கும் மற்ற இரண்டை மக்களுக்கும் என்று பிரிக்கும். கோல்னில் புதன் பெரும்பாலும் துறையினருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் போய்விடும். வியாழன் முதல் ஞாயிறு வரை நம்முடையது.

சரி, நடைமுறைக்கு வருவோம். 2026ல் ஆகஸ்ட் 26 முதல் 30 வரை. எந்த நாள் என்று கேட்டால் வியாழன், இல்லையென்றால் வெள்ளி. சனிக்கிழமை டிக்கெட்தான் பொதுவாக முதலில் தீரும். கூட்டமும் அன்றுதான் தாங்காது. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டா என்று வாங்கும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி வாங்கினால் பல்கலைக்கழக அட்டையை மறக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி, ஆகனிலிருந்து ஆர்ஈ1 ரயில் நேராக 'கோல்ன் மெஸ்ஸே/டாய்ட்ஸ்' நிலையத்தில் நிற்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாணவர் பயண அட்டையே போதும். அந்த வாரம் கோல்னில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், நீங்கள் அந்தச் செலவை முழுசாக மிச்சப்படுத்தலாம். திரும்பும்போது மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக மெஸ்ஸே நிலையத்தில் முண்டியடிக்காமல், ஹோஹென்சோலர்ன் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்துவிடுங்கள். காதலர்கள் மாட்டிய ஆயிரக்கணக்கான பூட்டுகள் கம்பிவேலி முழுக்கத் தொங்கும். எதிரே 157 மீட்டர் உயர தேவாலயக் கோபுரங்கள். அதன் அடியிலேயே கோல்ன் முதன்மை ரயில் நிலையம். பத்துப் பதினைந்து நிமிட நடையில், நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்த காது ஓய்வடையும்.

உள்ளே போனதும் முதல் வேலை கைப்பட்டை வாங்குவது. ஜெர்மனியில் கேம்களுக்கு வயதுத் தரம் போடும் யூஎஸ்கே அமைப்பின் விதி அங்கே கண்டிப்பாக நடைமுறையில் இருக்கும். 12 வயதுக்குப் பச்சை, 16க்கு நீலம், 18க்குச் சிவப்பு. 18 வயதுக்கான கேம்களை வெளியிலிருந்து தெரியாதபடி சுவர் கட்டி மறைத்திருப்பார்கள். சிவப்புப் பட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். முகத்தைப் பார்த்து வயது சொல்ல மாட்டார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். குடியிருப்பு அனுமதி அட்டை அல்லது பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். இதை மறந்து வந்து, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றபின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு நண்பரை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

சாப்பாட்டுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவலும் சாசேஜும் கிடைக்கும். விலை அதிகம், அதற்கும் வரிசை. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஆகஸ்ட் வெயிலிலும் சாயங்காலம் வரை கெடாது. வரிசையில் நின்றபடியே சாப்பிடலாம். காலித் தண்ணீர் பாட்டிலை எறியாதீர்கள், 25 சென்ட் வைப்புத்தொகை திரும்ப வரும். காதடைப்பான் கட்டாயம். மடக்கு நாற்காலி சிறியதாக ஒன்று கொண்டுவருகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்போது நானும் கொண்டுபோகிறேன். நண்பர்களோடு போனால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று காலையிலேயே பேசி வையுங்கள். பிற்பகலில் போன் சிக்னலை நம்ப முடியாது. கூடங்களை இணைக்கும் நடுப்பாதையைச் சந்திப்பு இடமாக வைக்காதீர்கள், அங்கே நிற்கவே இடம் இருக்காது.

காஸ்பிளே செய்கிறவர்கள், அதாவது கேம் பாத்திரங்களைப்போல் வேடம் போட்டு வருகிறவர்கள், அங்கே ஏராளம். கவசம் முழுக்கத் தானே வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, மாதக்கணக்கில் உழைத்து அணிந்து வருகிறார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு நின்று போஸ் கொடுப்பார்கள். நீங்களே வேடம் போட ஆசைப்பட்டால் ஆயுத விதிகளை முன்னாலேயே படித்துவிடுங்கள். நிஜத் துப்பாக்கி மாதிரி தோன்றும் பொம்மையை எடுத்துக்கொண்டு ஜெர்மனித் தெருவில் நடப்பதே சட்டச் சிக்கல்.

யூடியூபில் பார்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019லிருந்து கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை நடக்கும், புதுக் கேம்களை அறிவிக்கும் 'ஓப்பனிங் நைட் லைவ்' நிகழ்ச்சியை அப்படியே பாருங்கள். கேம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி நடத்துவது. டிரெய்லர்கள் உங்கள் அறைத் திரையில்தான் தெளிவாகத் தெரியும், அறையில் உட்கார்ந்து பார்க்க டிக்கெட்டும் தேவையில்லை. ஆக, செய்தி தெரிந்துகொள்ள யூடியூப் போதும். மனிதர்களைப் பார்க்க ரயில் ஏற வேண்டும்.

கேம் துறையில் வேலைக்குப் போகும் எண்ணம் பின்னால் வந்தால், கண்காட்சிக்கு முந்தைய நாட்களில் கோல்னிலேயே 2017 முதல் நடக்கும் 'டெவ்காம்' மாநாட்டையும் நினைவில் வையுங்கள். உருவாக்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம் அது. முதல் வருடமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 10.2ல் ஆடிய ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். அதில் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். அவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். ஆகனுக்குத் திரும்பும் ரயிலில் ஒரு மணி நேரம் இருக்கிறதல்லவா, அப்போதே பிடித்த இரண்டு மூன்று பேருக்கு நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: எங்கே மாட்டினேன், எது பிடித்தது என்று. ஒரு வாரம் கழித்து எழுதலாம் என்று விட்டால், எந்த அறை, எந்தக் கதவு என்பதே மறந்துபோயிருக்கும்.